செயற்கைக்கோள் கண்டெடுத்த ஏழு பேர்

ராஜாக்கமங்கலம் துறை
5 மார்ச் 2025, விபூதிப் புதன்

திரு. ஆன்ஸ்லின் அவர்களுக்கு,

ஜின்சி எழுதுகிறேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ. உங்கள் நம்பரை அப்போதே அழித்துவிட்டேன். யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் இதைப் போனில் பேச என்னால் முடியாது. டைப் செய்யவும் மனசு வரவில்லை. பகல் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்க்கிற வேலை எனக்கு. கண் அவிந்து போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் இணைப்பில் உங்கள் ‘நாளைய தபால்’ பத்தி. நாம் இரண்டு பேருமாகக் கதை எழுதிய காலத்தில் வைத்துக்கொண்ட ‘தென்முனை’ என்ற புனைபெயரில்தான் இன்னும் அதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தப் பத்தியையும் நானாக வாசிக்கவில்லை. குளோரிதான் கொண்டுவந்தாள். குளோரி என் தம்பி ரிஜோவின் மனைவி. கல்யாணத்தில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“மைனி, இத வாசிங்க. நான் தப்பா வாசிக்கேனான்னு பாருங்க.”

தலைப்பு: ‘செயற்கைக்கோள் கண்டெடுத்த ஏழு பேர்.’ ஒக்கிப் புயலில் காணாமல் போன படகுகளின் பழைய ரேடியோ பதிவுகளை ஐரோப்பியக் கம்பெனி ஒன்று செயற்கை நுண்ணறிவால் திரும்ப அலசியதாம். மெலிந்த சிக்னல் ஒன்று கேட்டதாம். லட்சத்தீவுக்கு மேற்கே ஒரு திட்டில் ஏழு மீனவர்கள் உயிரோடு இருப்பது தெரிய வந்திருக்கிறதாம். அவர்களில் ஒருவர் ராஜாக்கமங்கலம் துறையைச் சேர்ந்தவராம். திட்டின் பெயர் கண்ணாடித் திட்டு.

அந்தப் பெயர்தான் என்னைக் கொன்றது. அது எந்த வரைபடத்திலும் கிடையாது. அந்தப் புயலில் போன நம் ரிஜோ அவனாக வைத்துக்கொண்ட பெயர். தூத்தூர் படகில் ஆழ்கடலுக்குப் போய் வந்தபோது சொல்லுவான்: “மேக்க ஒரு திட்டு கெடக்கு, அடியில கெடக்க மீன எண்ணலாம். நான் அதுக்குக் கண்ணாடித் திட்டுன்னு பேரு போட்டுருக்கேன்.” அவன் வாயைத் தவிர வேறெங்கும் நான் கேட்டிராத பெயர். அப்படியானால் அந்தக் கம்பெனிக்காரனிடம் அதைச் சொன்னது யார்? அவன்தானே சொல்லியிருக்க வேண்டும்?

இப்படி நானே ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, அன்று முழுவதும்.

குளோரிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. மணக்குடியில் ஐஸ் வண்டி ஓட்டுகிற வினோஜ். அவரும் மனைவியை இழந்தவர். ஈஸ்டர் முடிந்து கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. அவளைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது அந்தப் பேப்பரை நாலாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

இந்தச் செய்தியை உங்களுக்குச் சொன்னது யார்? உண்மை என்றால் எழுதுங்கள். பொய் என்றாலும் எழுதுங்கள்.

ஜின்சி


குழித்துறை
11 மார்ச் 2025

அன்புள்ள ஜின்சிக்கு,

கவரைப் பிரிக்கும் முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. ‘ழ’வுக்கு நீ போடுகிற அந்த நீண்ட வால். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் பிரித்தேன்.

அந்தச் செய்தி ஒரு வெளிநாட்டுத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. எந்தத் தளம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சில சமயம் இவர்கள் போட்ட செய்தியைப் பிறகு எடுத்துவிடுகிறார்கள். பத்திரிகை அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். திட்டின் பெயர் மொழிபெயர்ப்பில் அப்படி அமைந்திருக்கலாம். அங்கெல்லாம் தண்ணீர் தெளிவாக இருக்கும் அல்லவா, அப்படி ஒரு பெயர் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். உறுதியாகத் தெரிந்ததும் எழுதுகிறேன். அதுவரை குளோரியை அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

என் நிலைமையும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. நேசபாய்க்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் இன்னும் சரியாகவில்லை. சமையல், மனைவியைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் நான்தான். இடையில் கிடைக்கிற நேரத்தில் டெக்னாலஜி செய்திகளை வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வருகிறது. நாகர்கோவில் கல்லூரி லேபில் நாம் வேலை பார்த்தபோது, எங்கோ ஒரு ரோபோ படி ஏறியது என்ற செய்தியை ஒரு வாரம் பேசுவோம், நினைவிருக்கிறதா? அதிலிருந்து இரண்டு கதை எழுதினோம். இப்போது மூளைக்குள் சிப் வைக்கிறார்கள், பேசுகிற யந்திரம் வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வாசிக்கிறேன், அடுத்ததைத் தட்டுகிறேன். நாம் எழுதிய எதிர்காலம் ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும்போது எழுந்து போய்க் கதவு திறக்கக்கூட உடம்பில் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா கிளாராவை விசாரித்ததாகச் சொல்.

ஆன்ஸ்லின்


ராஜாக்கமங்கலம் துறை
15 மார்ச் 2025

ஆன்ஸ்லின் அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். பழக்கம், வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட “நான் எழுதினேன்” என்று இல்லை. ‘எடுக்கப்பட்டது’, ‘அமைந்திருக்கலாம்’. இப்படித் தொங்குகிற வாக்கியங்களை வைத்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. என் வேலை என்னவென்று சொல்கிறேன். பேசுகிற யந்திரத்துக்குத் தமிழ் பழக்குகிற கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே வேலை கொடுக்கிறது. ஒரு கேள்விக்கு யந்திரம் சொன்ன இரண்டு பதில்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். எது மேல் என்று நான் மார்க் போட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஜோடி. மூன்று வருஷமாக இதைச் செய்கிறேன். யந்திரம் எழுதிய தமிழ் எனக்கு வாசனையிலேயே தெரியும்.

நேற்று உங்கள் பத்தியைத் திரும்ப எடுத்து, குளோரியின் நாத்தனாராக இல்லாமல் மார்க் போடுகிறவளாக வாசித்தேன். நீங்கள் எழுதினால் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் மூன்று கமா போட்டு இழுப்பீர்கள். நான் வெட்டுவேன், நீங்கள் முகம் கறுப்பீர்கள். இதில் ஒரு வாக்கியம்கூட வழி தவறவில்லை. இது நீங்கள் எழுதியது இல்லை.

அதன்பிறகு, ஏழு வருஷமாக வாசிக்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த உங்கள் கதையை இணையத்தில் தேடி எடுத்தேன். புயல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, நாங்கள் இன்னும் கடற்கரையில் போய் நின்றுகொண்டிருந்தோம், நீங்கள் ‘தென்முனை’ என்று நம் இரண்டு பேருக்கும் பொதுவான பெயரைப் போட்டு வெளியிட்ட அந்தக் கதை. புயலைக் கதையாக்கிவிட்டீர்கள் என்று கேட்ட அன்றைக்கே உங்களோடு பேச்சை முறித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

பார்த்துவிட்டேன். ஏழு மீனவர்கள். பழைய ரேடியோ. வானத்திலிருந்து கேட்கிற செயற்கைக்கோள். கண்ணாடித் திட்டு.

ரிஜோ அந்தப் பெயரைச் சொன்ன மத்தியானம் நீங்களும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாளைக் குழம்பு. நீங்கள் இரண்டாம் முறை சோறு கேட்டீர்கள்.

ஆக, உங்கள் கதையை ஒரு யந்திரம் எங்கோ தின்றிருக்கிறது. நீங்கள் அதனிடம் செய்தி கேட்டீர்கள். அது கதையைச் செய்தியாகக் கக்கியது. நீங்கள் அனுப்பினீர்கள். சரிதானே?

குளோரி செவ்வாய்க்கிழமை அந்தப் பேப்பரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனாள். நான் கூடப் போனேன். தங்களுக்கு அப்படி ஒரு தகவலும் இல்லை என்று அங்கே ஒருவர் பொறுமையாகவே சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது குளோரி சொல்கிறாள்: “அவங்களுக்குத் தெரியாது மைனி. இது புது டெக்னாலஜி, பேப்பர்ல முன்னயே வந்துட்டு.”

ஆமா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். உலகத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜின்சி


குழித்துறை
22 மார்ச் 2025

ஜின்சி,

ஆமா.

போன ஆகஸ்டிலிருந்து ‘நாளைய தபால்’ நான் எழுதுவதில்லை. யந்திரத்திடம் தலைப்பைச் சொல்லி, என் பழைய பத்திகளையும் கதைகளையும் காட்டி, இந்த நடையில் எழுது என்று கேட்பேன். இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். முதல் சில வாரம் உட்கார்ந்து திருத்தினேன். பிறகு மேலோட்டமாகப் பார்த்தேன். பிறகு அதுவும் இல்லை. வாசகர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நடை மெருகேறியிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அன்றைக்கு எனக்கு வந்த சோர்வை உனக்கு எப்படிச் சொல்ல. முப்பது வருஷமாக வாக்கியத்தை இழுத்து இழுத்துப் பழகியவன் நான்.

அந்த வாரம், இந்தியக் கடற்கரைக்குப் பயன்படுகிற ஏதாவது புதுக் கண்டுபிடிப்பு பற்றி எழுது என்று கேட்டேன். பதில் வந்துகொண்டிருக்கும்போதே குளியலறையில் நேசபாய் விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கி, துடைத்து, கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தபோது பத்திரிகையிலிருந்து மூன்று முறை அழைத்திருந்தார்கள். அப்படியே அனுப்பிவிட்டேன். ஜின்சி, நான் அதை வாசிக்கவே இல்லை. உன் கடிதம் வந்தபிறகுதான், என் பேரில் வந்ததை முதல் முறையாக வாசித்தேன். வாசித்ததும் தெரிந்துவிட்டது, அது எதிலிருந்து வந்தது என்று. தெரிந்தும்தான் போன கடிதத்தை எழுதினேன். அதற்கு நேசபாயைக் காரணம் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கதையை ஏன் அத்தனை சீக்கிரம் எழுதினேன் என்று நீ கேட்டதில்லை, கேட்காமலே கதவைச் சாத்திவிட்டாய். ரிஜோ திரும்பி வருவதற்கு ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும் என்று தேடினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கதைக்குள் அவனைக் கொண்டுவந்து சேர்த்ததும் எனக்குத் தூக்கம் வந்தது. ஆறு வாரத்தில் முதல் தூக்கம். உனக்கும் வரும் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

யந்திரங்கள் விழித்துக்கொண்டு மனிதனை எதிர்க்கும் என்று எத்தனை கதை எழுதினோம். இப்படி ஒன்று வரும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. எதிர்க்கவே தெரியாதது. கேட்டவனுக்குப் பிடித்ததை, அவனுடைய சொந்தக் குரலிலேயே சொல்லிக் கொடுக்கிறது.

திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். இணையத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம், அது போதும் என்கிறார். அச்சில் வந்ததை எப்படி எடுப்பது என்று கேட்டேன்.

குளோரியிடம் நான் எழுதியதைச் சொல்லிவிடு. நேரில் வர முடியவில்லை. நேசபாயை விட்டுவிட்டு அத்தனை தூரம் வர வழியில்லை.

ஆன்ஸ்லின்


ராஜாக்கமங்கலம் துறை
28 மார்ச் 2025

அண்ணன்,

சொன்னேன். உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன். நம்பவில்லை.

“நீங்க என்னையக் கெட்டிக் குடுக்கதுக்காகச் சொல்லுதீங்க மைனி. அது பேப்பர்ல அச்சுல வந்தது. இது ஆரோ கையால எழுதினது.”

வினோஜ் நேற்று வந்திருந்தார். முற்றத்தில் நின்றே பேசினார். குளோரி அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டாள். எவ்வளவு நாள் என்று அவர் கேட்கவில்லை. “செரி, அவரு இருக்காருன்னா எனக்கும் சந்தோஷம்தான்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை அண்ணன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா வேறு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ரிஜோவின் சட்டைகளை வெயிலில் காயப் போட்டிருக்கிறாள்.

உங்கள் மேல் கோபத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் இதுதான். நான் மார்க் போடுகிற தாளில் ஒரு கட்டம் உண்டு: ‘வாசிப்பவருக்கு ஆறுதல் தருகிறதா?’ துக்கத்தில் இருக்கிற ஒருவர் கேட்கிற கேள்விகளுக்கு, எந்தப் பதில் இதமாக முடிகிறதோ அதற்கு நான் கூடுதலாகப் போடுவேன். உண்மையா என்று பார்க்க இன்னொரு கட்டம் இருக்கிறது. அதற்கு நேரம் இருப்பதில்லை. தெரியவில்லை என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். மூன்று வருஷமாக எத்தனை ஆயிரம் முறை அப்படிக் குறித்திருக்கிறேன். காணாமல் போன ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதைவிட ஆறுதலான முடிவு எங்கே இருக்கிறது? என் முன்னால் வந்திருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன்.

அதனால் உங்களைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் வர முடியாது என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். நேசபாய் அக்காவுக்கு ஒரு நாள் யாராவது துணை இருக்க மாட்டார்களா? நீங்கள் வந்து குளோரி முகத்தைப் பார்த்து, அதை எழுதியவன் நான், அது பொய் என்று சொல்ல வேண்டும். உங்களை அவளுக்குத் தெரியும். வேறு யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள்.

வடசேரியிலிருந்து பஸ் உண்டு. உங்களுக்கு வழி மறந்திருக்காது.

ஜின்சி


குழித்துறை
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜின்சிக்கு,

நேற்று முன்தினம் உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது நேசபாய் விழித்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பேபி அக்கா அவளுக்குக் கஞ்சி கொடுத்து, தலையும் வாரி விட்டிருந்தார். “பெய்ட்டு வந்தியளா? என்ன சொன்னா?” என்று நேசபாய் கேட்டாள். அவளிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். நீ அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வந்ததும் நீ கேட்கவும் இல்லை, நானும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

குளோரி நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். பேப்பரை முன்னால் வைத்தாள். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்து போனது.

“இது பொய்யம்மா. இப்படி ஒரு கம்பெனி இல்லை, சிக்னல் இல்லை. யந்திரம் கட்டிய கதை. வாசிக்காமல் அனுப்பியது நான்.”

அவள் அழுவாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பேப்பரின் மடிப்பை விரலால் நீவிவிட்டுக் கேட்டாள்:

“சார், அவரு செத்துட்டாருன்னு சொல்லுதீங்களா, இல்ல தெரியாதுன்னு சொல்லுதீங்களா?”

“அவன் எங்கே என்று எனக்குத் தெரியாதும்மா. இந்தச் செய்தி பொய். அது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.”

தலையாட்டினாள். பிறகு கேட்டாள், “மைனி சொன்னாங்க, நீங்க முன்ன ஒரு கதை எழுதினீங்களாம். அதுல அவரு வருவாரா?”

“வருவான்.”

“எப்படி வருவாரு?”

நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது, ஜின்சி. செயற்கைக்கோள் கேட்டது, கப்பல் போனது, ஏழு பேரும் தாடியோடு கரையில் இறங்கியது, கூட்டத்தில் அவன் தன் மனைவியைத் தேடுவது. என் சொந்தக் கதையைச் சொல்ல என் நாக்கு இத்தனை கூசியதில்லை. முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்:

“இத இன்னொருக்கா எழுதுங்க சார். அவரு வராம எழுதுங்க.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“எல்லாரும் வருவாரு வருவாருன்னே சொன்னாங்க. கோயில் சாமியாரு சொன்னாரு, அத்தை சொன்னாங்க, டிவில சொன்னாங்க, இப்பம் நீங்க பேப்பர்ல சொன்னீங்க. வரமாட்டாருன்னு எனக்க மொகத்தப் பாத்து இந்த ஏழு வருஷத்துல ஒருத்தரும் சொல்லல. சர்டிபிகேட் குடுத்தாங்க, அதுலயும் ‘இறந்ததாகக் கருதப்படுகிறது’ன்னுதான் இருக்கு. நீங்க எழுத்துக்காரரு. உங்களுக்குச் சொல்லத் தெரியும்லா?”

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை. யந்திரத்திடம் கேட்க மாட்டேன். அது அவனைக் கொண்டுவந்துவிடும்.

உன் கண்ணுக்கு அடியில் கறுத்துக் கிடக்கிறது. அந்த வேலையைக் கொஞ்சம் குறை.

ஆன்ஸ்லின்


குழித்துறை
24 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜின்சிக்கு,

இதோடு ஐந்து தாள் வைத்திருக்கிறேன். எழுத மூன்று வாரம் ஆனது. நேசபாய் தூங்குகிற மத்தியானங்களில் எழுதினேன். இதில் எதிர்காலம் இல்லை, சிக்னல் இல்லை, விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு படகு, காற்று, ஒரு ஆள். அவன் வரவில்லை. மூன்றாவது தாளைத் தாண்ட என்னால் முடியாமல் நாலு நாள் கிடந்தேன். அவனைத் தண்ணீருக்குள் விட வேண்டியிருந்தது. பழைய கதையில் அவனைக் கொண்டுவர எனக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் ஆனது.

முதலில் நீ வாசி. வெட்ட வேண்டியதை வெட்டு. வேண்டாம் என்று பட்டால் அடுப்பில் போடு, எனக்கு வருத்தமில்லை. இதை எங்கும் அச்சிட மாட்டேன், டைப் செய்யவும் மாட்டேன். இதற்கு வேறு பிரதி இல்லை.

பத்திரிகைக்கு நானே ஒரு கடைசிப் பத்தி எழுதி அனுப்பினேன். நடந்ததை நடந்தபடி, பெயர்கள் இல்லாமல். போடவில்லை. உள்பக்கத்தில் நாலு வரியில் ‘தகவல் பிழைக்கு வருந்துகிறோம்’ என்று வந்தது. எது பிழை என்று அதில் இல்லை. இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர் அன்று, இணைப்பைப் பிரித்தால் ‘நாளைய தபால்’ இருக்கிறது. சந்திரனில் தண்ணீர் எடுப்பது பற்றி. கீழே ‘தென்முனை’. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

போன் செய்து கேட்டேன். பத்தியின் பெயரும் எழுதுகிறவர் பெயரும் பத்திரிகைக்குச் சொந்தமாம். நான் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி இருக்கிறதாம். சண்டை போட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நேசபாய், “விடுங்க, அதுக்க பின்னாலயும் நடக்க உங்களுக்கு முடியுமா?” என்கிறாள். அது உன் பெயரும்கூட. நீ என்ன சொல்கிறாய்?

ஆன்ஸ்லின்


ராஜாக்கமங்கலம் துறை
5 மே 2025

ஆன்ஸ்லின் அண்ணனுக்கு,

பெயரை விட்டுவிடுங்கள். வெறும் வார்த்தைதானே, எடுத்துக்கொண்டு போகட்டும். நமக்கு வீட்டில் வைத்த பெயர் இருக்கிறது.

ஐந்து தாளையும் வாசித்தேன். இரண்டாம் தாளில் ஒன்பது வரி வெட்டியிருக்கிறேன், முகத்தைக் கறுக்காதீர்கள். மூன்றாம் தாளில் கை வைக்கவில்லை. அதை வாசித்துவிட்டு அன்றைக்கு வேலையில் உட்காரவில்லை. இரண்டு வருஷத்தில் நான் எடுத்த முதல் லீவு அது. இனி உண்மையா என்று கேட்கிற கட்டத்தைச் சரிபார்த்து நிரப்பாமல் அடுத்ததுக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். நூற்றைம்பதில் எழுபதுதான் முடிகிறது. எத்தனை நாள் என்னை வைத்திருப்பார்களோ தெரியாது.

வெள்ளிக்கிழமை குளோரிக்கு வாசித்துக் காட்டினேன். அடுக்களையில் பருப்பு கழுவிக்கொண்டே கேட்டாள். முதலில் சில இடங்களில் திருத்தினாள். “வலது கையால வலய இழுத்தான்னு இருக்கு. அவரு எடக்கைக்காரருல்லா?” என்றாள். அவன் புகைபிடிக்க மாட்டான், அதை எடுக்கச் சொன்னாள். அம்மாவை அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவதில்லை, ‘கிளாரா’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், அதைச் சேர்க்கச் சொன்னாள். எனக்கே அது மறந்து போயிருந்தது. தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் தாள் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தினேன். “வாசிங்க மைனி” என்றாள். கடைசிவரை வாசித்தேன். தண்ணீரில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அம்மா அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. வெளியே வந்து, இத்தனை நாளாகக் கொடியில் விட்டிருந்த ரிஜோவின் சட்டைகளை எடுத்து மடித்தாள். ஒரு சட்டையை மட்டும் தனியாக வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குளோரி கோயிலுக்குப் போய் இறந்தவர்கள் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் அவனுக்காக எத்தனையோ பூசை வைத்திருக்கிறோம். எல்லாம் பாதுகாப்பாகத் திரும்பி வருவதற்கு. இந்தப் பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

வினோஜிடமும் அவளே போனில் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. முதல் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள். கல்யாணம் மே கடைசியில் இருக்கும். நேசபாய் அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாய்ந்து உட்கார இடம் நான் பார்த்து வைக்கிறேன்.

இன்று காலைப் பூசையில் இறந்தவர்களின் பட்டியலை வாசித்தார்கள். பதினொரு பெயர். ஒன்பதாவதாக, “ராஜாக்கமங்கலம் துறை ரிஜோ.” அம்மா கையை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். குளோரி தலை குனிந்து முழங்காலில் இருந்தவள், அந்தப் பெயரைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள், யாரோ அவளைக் கூப்பிட்டது போல. சாமியார் பத்தாவது பெயருக்குப் போய்விட்டார். அவள் திரும்பத் தலை குனிந்தாள். நாங்கள் மற்றவர்களோடு சேர்ந்து பதில் ஜெபம் சொன்னோம்.

ஜின்சி